மிளகு மணக்கும் மது

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் தர, நாளும் மகிழ்ந்திருப்பாயாக என்பது வாழ்த்து. அம்மதுவின் குளிர்ச்சியையும் மணத்தையும் புலவர் சொல்கிறார். நாவில் அது எப்படி இருந்தது என்பதைச் சொல்லவில்லை. அந்த விடுபடல் வெகுநாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து மதுரைக்கு வந்த நண்பர் ஒரு புட்டி கொண்டுவந்தார். பரோசா பள்ளத்தாக்கில் செய்த சிவப்பு வைன். ஆனால் முறை பிரான்சின் தென்பகுதியில் ஓடும் ரோன் ஆற்றங்கரையினுடையது. கிரனாஷ், சிரா, மூர்வேத்ர் என மூன்று திராட்சைகளின் கலவை. ரோன் கரையின் புகழ்பெற்ற ஷாத்தோநெஃப்-து-பாப் ஊரில் பதின்மூன்று வகைகள் வரை கலக்க விதி இடம் தருகிறதாம்.

கலவை என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது நம்மூர்க் கதம்பம். மல்லிகை தனியே மணக்கும்தான்; மருவும் மரிக்கொழுந்தும் இடையில் சேர்ந்தால்தான் அது கதம்பம். இங்கே கிரனாஷ் பழத்தின் இனிமையையும் வெம்மையையும் தருகிறது. சிராவில் கருமை, நாவற்பழம், புகை. மூர்வேத்ர் கடைசியில் வருகிறது: ஈரமண், பழந்தோல், பிறகு நாக்கின் ஓரங்களை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு சௌகரியம் உண்டு. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து, வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் அதைப் பழகிய நமக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மீறி எழுந்தது மிளகு. கற்பனை அல்ல. சிரா வைனின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்னும் பொருள் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மிளகிலும் மணப்பது அதே பொருள்தான். மருவிலும் அது உண்டு! ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அதை முகர இயலாது என்றும் கண்டார்கள். அன்று அமர்ந்திருந்த எங்கள் நால்வரில் ஒருவர், மிளகா, எங்கே என்று கடைசிவரை கேட்டுக்கொண்டேயிருந்தார்.

யவனர் நம் கரைக்கு வந்ததே மிளகுக்காகத்தான். மேற்குக் கரையின் நெல்கிந்தா துறை பாண்டியனுக்கு உரியது என்று பெரிப்ளூஸ் குறிக்கிறது. அவ்வரசன் துறைக்கு வெகுதொலைவில், உள்நாட்டு மதுரையில் இருப்பதாகப் பிளினி எழுதுகிறார். வந்த சரக்குகளின் பட்டியலில் வைனும் உண்டு. கொஞ்சமே என்ற குறிப்போடு. மிளகைக் கொடுத்து மதுவை வாங்கிய ஊரில் அமர்ந்து, மதுவுக்குள் மிளகைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நிற்க. இதை எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. குடியால் தகப்பனை இழந்த பிள்ளைகள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தாயின் முன் நின்று துவர்ப்பின் நுட்பம் பேச எனக்கு நா எழாது. எனினும் தேறல், நறவு, மட்டு, தோப்பி, பிழி என்று வகைக்கொரு பெயர் வைத்திருந்த மொழியில் இன்று வழங்குவது 'சரக்கு' என்ற ஒற்றைச் சொல். மணமோ சுவையோ அதில் ஏதுமில்லை. விரைவாக உள்ளே தள்ளவேண்டிய ஒன்றின் பெயர் அது. சொற்கள் போனதால் குடி இப்படியானதா, குடி இப்படியானதால் சொற்கள் போயினவா என்று நான் யோசித்ததுண்டு.

கம்பம் பன்னீர் திராட்சையில் இப்படியொரு வைன் வராதா என்றார் நண்பர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற இனம். பன்னீர் மணம் அதன் செல்வம். மிளகு அதில் வராது, துவர்ப்பும் குறைவு. அதைக் கொண்டு ரோனைப் போலச் செய்ய முயல்வது வீண் என்றே படுகிறது. அதற்கான கதம்பம் வேறாக இருக்கவேண்டும்.

இரவு உணவுக்கு ஆட்டுக்கறிச் சுக்கா வந்தது. தாண்டிக்குடி மிளகைத் தாராளமாக இடித்துப் போட்டிருந்தார்கள். மிளகு தெரியவில்லை என்ற நண்பர் ஒரு வாய் உண்டார். புட்டியில் மீதமிருந்ததை ஒரு மிடறு குடித்தார். இப்போதும் இல்லை என்றார்.