கொம்பை வெட்டியது நான்தான்

போன கல்ச்சுரல்ஸ்ல நம்ம பேண்ட் வாசிச்சதைப் பார்த்தவங்க நிறைய பேர் என்கிட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க. "அந்த பேஸ் கிட்டார்ல மேல் கொம்பு மட்டும் மஞ்சளா இருக்கே, அது டிசைனா?" நானும் சிரிச்சிக்கிட்டே "ஆமா, கஸ்டம் டிசைன்"னு சொல்லி வெச்சேன். அது பொய். ஏதாவது எழுதிக் கொடுன்னு நம்ம இதழ்க் குழு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சரி, உண்மையையே எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

முதல்ல ஒரு விஷயம். அந்த பேஸ் என்னோடது இல்ல. சில பேட்ச்சுக்கு முன்னாடி ஏதோ ஒரு போட்டியில ஜெயிச்ச பரிசுப் பணத்துல அண்ணன்மார் வாங்கினது. கடைசி வருஷம் முடிச்சுட்டுப் போறவங்க, அடுத்து வாசிக்கப் போற ஜூனியர் கையில கொடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான் விதி. எனக்குக் கொடுத்த அக்கா சொன்னது ஒரே வரி: "பத்திரமா பாத்துக்கோ, அடுத்த ஆளுக்குப் போகணும்." நான் தலையாட்டினேன். அடுத்த டிசம்பர் லீவுல அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ரம்பத்தால வெட்டினேன்.

ஏன் வெட்டினேன்னு கேட்பீங்க. ஆரம்பத்துல காரணம் நியாயமானதுதான். அந்த பேஸோட உடம்பு ஒரு பலகை மாதிரி, ஓரமெல்லாம் சதுரமா இருக்கும். ஒரு மணி நேரம் பிராக்டிஸ் பண்ணினா வலது முன்கையில சிவப்பா ஒரு கோடு விழும். இது பழைய காலத்து அமைப்பு. 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸ் இப்படித்தான் தட்டைப் பலகையா இருந்தது. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வந்தப்போ, கை படற இடத்தையும் வயிறு படற இடத்தையும் சரிவா இழைச்சாங்க. அதே வருஷம் பேஸுக்கும் அந்த வளைவு வந்துடுச்சு. நம்மகிட்ட இருக்கிறது அந்தப் பழைய வடிவத்தோட மலிவு நகல். 1954-ல் அவங்க செஞ்சதை நான் வீட்டு மொட்டை மாடியில செய்யலாமேன்னு தோணுச்சு. போதாததுக்கு, பால் மெக்கார்ட்னியே தன்னோட ரிக்கன்பேக்கர் பேஸ்ல கலர் கலரா பெயின்ட் அடிச்சு, அப்புறம் எல்லாத்தையும் தேய்ச்சு வெறும் மரமாக்கினவர்னு படிச்சிருந்தேன். அவர் பேஸ் அவரோடதுங்கிறதை மட்டும் வசதியா மறந்துட்டேன்.

எங்க வீடு தஞ்சாவூர்ல. பெரியப்பா மரப்பட்டறை வெச்சிருக்கார். கதவு, நிலை, ஜன்னல் வேலைதான். அவர்கிட்ட அரம், ரம்பம், ஹீட் கன் எல்லாம் வாங்கிட்டு மாடிக்குப் போனேன். என்ன செய்யப் போறேன்னு அவரும் கேட்கல, நானும் சொல்லல.

கம்பிகளைத் தளர்த்தி எடுத்து, கழுத்தைப் பிடிச்சிருந்த 4 ஸ்க்ரூவையும் கழற்றினேன். கழுத்து உட்காரும் குழியில, ஸ்கெட்ச் பேனாவால மூணு பேரோட முதலெழுத்தும் வருஷமும். எனக்கு முன்னாடி இதை வாசிச்சவங்க. மூணாவது அந்த அக்காவோடது. பார்த்ததும் ஒரு நிமிஷம் கை நின்னுடுச்சு. அப்பவே போன் எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஆனா "வேண்டாம்"னு சொல்லிட்டா என்ன பண்றது? அதனால கேட்கல.

இதே வேலையைப் பண்ணணும்னு நினைக்கிறவங்களுக்கு: அந்தக் குழியைத் தேய்க்காதீங்க. கழுத்து அதுல இறுக்கமா உட்காரணும், கொஞ்சம் லூசானாலும் வம்பு. அதனாலதான் அந்தப் பேர்கள் பிழைச்சுது. என் நல்ல மனசு அதுக்குக் காரணம் இல்ல.

மேல இருந்த கறுப்பு பூச்சு பாலியெஸ்டர். கண்ணாடி மாதிரி கெட்டி, தின்னர் ஊத்தினா சிரிக்கும். ஹீட் கன்னால சூடு காட்டி, மெத்துன்னு ஆனதும் பட்டித் தகட்டை அடியில விட்டு உரிச்சு எடுக்கணும். ரெண்டு நாள் ஆச்சு. மாஸ்க் இல்லாம இதைப் பண்ணவே கூடாது, அந்தப் புகையும் தூளும் நல்லது இல்ல. கீழேருந்து அம்மா, "மாடியில என்னடி கருகுது?"ன்னு நாலு தடவை கேட்டாங்க.

கை படற இடத்துல பென்சிலால ஒரு கோடு, பக்கவாட்டுல 1.5 செ.மீ. இறக்கி இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல அரத்தால சரிவா இழைச்சேன். அப்புறம் உப்புத்தாள். வெறும் விரலால தேய்ச்சா மேடு பள்ளமாயிடும், கட்டையில சுத்தித் தேய்க்கணும். முதல்ல 80, அப்புறம் 120, 220, கடைசியா 320. ஒரு நம்பரைத் தாண்டிக் குதிச்சா, அப்ப தெரியாது. பாலிஷ் போட்டதும் கீறல் எல்லாம் பல்லைக் காட்டும். சரிவு அருமையா வந்துது. கையை வெச்சுப் பார்த்தேன், தலையணை மாதிரி இருந்துது.

அங்கேயே நிறுத்தியிருந்தா இந்தக் கட்டுரையே இல்ல.

வேலை நல்லா வந்ததும் ஒரு திமிர் வருமே, அது வந்துது. மேல் கொம்பு ரொம்ப நீளமா, அசிங்கமா இருக்கிற மாதிரி பட்டுது. ஏதோ ஒரு போட்டோவுல குட்டிக் கொம்போட ஒரு பேஸைப் பார்த்திருந்தேன். ரம்பத்தை எடுத்து 3 செ.மீ. அறுத்துத் தள்ளினேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. முனையை உருட்டி, அழகு பார்த்து, பாலிஷுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை எல்லாத்தையும் பூட்டி ஸ்ட்ராப்பை மாட்டினேன்.

கையை விட்டதும் தலை நேரா தரையைப் பார்த்து இறங்கிடுச்சு.

ஸ்ட்ராப் மாட்டும் பட்டன் மேல் கொம்போட நுனியில இருக்கு. கொம்பைக் குட்டையாக்கினா, பேஸ் தொங்கும் புள்ளி உடம்புப் பக்கம் நகருது. அந்தப் பக்கம் கழுத்தும், நுனியில நாலு பெரிய முறுக்காணியும் அப்படியே இருக்கு. முதல் வருஷம் எல்லாரும் எழுதின கணக்குதான் இது: விசை × தூரம். அன்னிக்கு இருந்த எடை 4.3 கிலோ, புள்ளி நகர்ந்தது 3 செ.மீ. பெருக்கினா கிட்டத்தட்ட 13. இதைச் சரிக்கட்ட 55 செ.மீ. தள்ளி இருக்கிற தலையை இடது கையால தாங்கணும். 13-ஐ 55-ஆல வகுத்தா சுமார் 235 கிராம். வாசிக்க வேண்டிய கை, பாட்டு முடியும் வரைக்கும் கால் கிலோ தக்காளியைத் தூக்கிட்டு நிக்கணும். உடம்புல இழைச்சு எடுத்த எடையைச் சேர்த்தா இன்னும் மோசம். இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல நான் நல்ல மார்க் வாங்கினவ. ரம்பம் எடுத்தப்போ அது எங்க போச்சுன்னு தெரியல.

அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. காலையில பேஸையும் அறுத்த துண்டையும் எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

பெரியப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அளந்தியா பாப்பா?"

"பாத்துதான் வெட்டினேன் பெரியப்பா."

"பாத்தியான்னு கேக்கல. அளந்தியா?"

நான் ஒண்ணும் பேசல. அறுத்த துண்டை ஒட்டிடலாமான்னு கேட்டேன். அது ஆகாதுன்னார். மரத்தோட வெட்டு முகத்தை நேருக்கு நேர் முட்டி ஒட்டினா பசை நிக்காது, அதுலயும் மொத்த எடையும் தொங்குற இடம். சாய்வா சீவி, ரெண்டு முகமும் நீளமா படியற மாதிரி ஒட்டினாத்தான் பிடிக்கும். "இன்னும் 4 செ.மீ. எடுக்கணும்"னார். கெடுத்ததைச் சரி பண்ண இன்னும் கொஞ்சம் வெட்டணும்னு கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

அவர்கிட்ட ஒரு பலாக்கட்டைத் துண்டு கிடந்தது, வீணை செய்றவங்க பட்டறையிலேருந்து வந்த மிச்சம். தஞ்சாவூர் வீணை பலா மரத்துலதான் செய்வாங்க, தெரியுமில்ல? "வேற மரம் ஒட்டினா சத்தம் மாறாதா?"ன்னு அவரே கேட்டார். வீணைன்னா குடைஞ்ச குடம் அதிர்ந்து சத்தம் கொடுக்கும். இங்க உடம்பு கெட்டிக் கட்டை. கம்பிக்கு அடியில காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கு, இரும்புக் கம்பி அதிர்ந்தா சுருள்ல மின்சாரம் பிறக்கும், அதைத்தான் ஆம்ப் பெருசாக்குதுன்னு சொன்னேன். "அப்ப பரவால்ல"ன்னு சாய்வு போட ஆரம்பிச்சார். இந்த முறை அளந்தது நான். மூணு தடவை. உடம்பு எடை குறைஞ்சிருந்ததால, பழைய நீளத்தைவிட 1 செ.மீ. கூடுதலா வெச்சோம். ஃபெவிகால் தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டோம். மறுநாள் அந்தக் கொம்புல 10 லிட்டர் தண்ணி வாளியை மாட்டி, சாயங்காலம் வரைக்கும் தொங்க விட்டார். அசையல.

பாலிஷ் கதை சீக்கிரம் சொல்லிடறேன். சீலர் ரெண்டு கை, நடுவுல 320-ஆல லேசா ஒரு தேய்ப்பு, மேல என்.சி. லாக்கர். மார்கழிக் காலையில பனி விலகறதுக்குள்ள அவசரப்பட்டு முதல் கை அடிச்சேன். பால் கொட்டின மாதிரி வெளுத்துடுச்சு. தின்னர் சட்டுன்னு ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அதான் வெளுப்பு. அப்புறம் மதிய வெயில்ல மட்டும், மெல்லிசா, ஒவ்வொரு கையும் நல்லாக் காய விட்டு அடிச்சேன். கலர் எதுவும் போடல. பலாத்துண்டை மறைக்கிற மாதிரி கறுப்பு அடிச்சிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. டப்பாகூட வாங்கிட்டேன். அது இன்னும் மூடி திறக்காம வீட்ல இருக்கு.

கடைசியா ஸ்ட்ராப்பை மாட்டிக் கையை விட்டேன். நேரா நின்னுது. அப்புறம்தான் அக்காவுக்கு போன் பண்ண தைரியம் வந்துது. எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

"குழியில என் பேரு?"

"இருக்குக்கா. தொடல."

"வாசிச்சா கை வலிக்குதா?"

"இப்ப வலிக்கலக்கா."

"சரி." அப்புறம் மெதுவா, "கேட்டிருக்கலாம்ல?"

திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்.

இந்த வருஷத்தோட என் படிப்பு முடியுது. முதலாமாண்டு, இரண்டாமாண்டு தம்பி தங்கச்சிகள்ல யாரோ ஒருத்தர் கைக்கு அந்த பேஸ் வரப் போகுது. 4 ஸ்க்ரூவைக் கழற்றினா, மூணு பேருக்குக் கீழ என் முதலெழுத்தும் வருஷமும் இருக்கும், பக்கத்துல "கொம்பு: நான்"னு ரெண்டு வார்த்தையும். பலாத்துண்டு இப்போ மஞ்சளா இருக்கு, நாளாக ஆகப் பழுப்பாகும். உனக்கு வேற ஏதாவது பிடிக்கலைன்னா தாராளமா மாத்திக்கோ. ரம்பத்தைத் தொடறதுக்கு முன்னாடி அளந்துக்கோ. எனக்கும் ஒரு போன் பண்ணிடு. பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவேன்.