சூடானால் ஸ்டார்ட் ஆகாத கார்

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து நம்ம ஊரில் பலரும் இருக்கிற பழைய காரையே பொத்திப் பொத்தி ஓடுகிறோம். 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான். ஆனால் அந்த விலைக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆகவே இது பழைய கார்காரர்களுக்கு.

எங்கட காரின் வருத்தம் இதுதான். காலையில் திறப்பைத் திருப்பியதும் பிடிக்கும். ஓடிச் சூடேறிய பிறகு கால் மணி நேரம் நிறுத்தினால் சுற்றும், சுற்றும், பிடிக்காது. ஆறவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மட்டக்களப்பில் உம்மாவின் கிளினிக் முடிந்து, பாமசிக்கு முன்னால் இரண்டு தரம் இப்படி மாட்டிக்கொண்டோம். நடுப்பகல் வெயில். அவவுக்குச் சீனி வருத்தம், சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. "அடுத்த முற பஸ்ஸிலயே போவம் மகன்" என்றா.

ஒருவர் பெட்டரியை மாற்றச் சொன்னார். இன்னொருவர் பெற்றோல் பம்ப் என்றார். இரண்டும் பெரிய காசு. இருவரும் காரைப் பார்க்காமலே சொன்னவர்கள்.

பிறகு போனது வயதான ஒரு பாஸிடம். "சேர், சுத்துற சத்தம் காலையில மாதிரியா, இல்லாட்டி இழுத்து இழுத்தா?" இழுத்துச் சுற்றினால் பெட்டரி, அதன் வயர்கள், அல்லது சூட்டில் சோரும் ஸ்டார்ட்டர் மோட்டார். எங்கடது காலையில் போலவே சுற்றியது. பெட்டரி கதை அங்கேயே முடிந்தது.

"பிடிக்காம நிக்கக்குள்ள பெற்றோல் மணக்குதா?" மணத்தது. மணக்காவிட்டால் பெற்றோல் வரவில்லையா, அல்லது சூட்டில் கிராங்க் சென்சர் வேலை செய்யாமல் போகிறதா என்று தேட வேண்டும். மணந்தால் பெற்றோல் கூடிப்போகிறது.

எக்சலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பிடித்தது! பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் அப்படிச் செய்தால் சுற்றும்போது பெற்றோல் நின்று காற்று மட்டும் போகுமாம்.

ஸ்கேனரைப் பூட்டினார். ஓடி வந்து கொதிக்கிற எஞ்சின், அதில் 18 டிகிரி என்று காட்டியது.

"உங்கட கார் நுவரெலியாவில நிக்கிறதா நினைக்குது, சேர்."

எஞ்சினைச் சுற்றும் தண்ணீரின் சூட்டை அளக்கிற சின்னச் சென்சர்தான் பிழை. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடத் தேவை. சென்சர் சொன்னதை நம்பிக் கம்பியூட்டர் அள்ளி ஊற்ற, பிளக் நனைந்துவிடுகிறது. பம்ப் விலையோடு பார்த்தால் சென்சர் விலை ஒன்றுமே இல்லை.

காபரேட்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு விசயம் வேறு. எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும், சூடு மேலே ஏறிக் காபரேட்டரில் கிடக்கும் பெற்றோல் கொதித்து உள்ளே வழியும். அந்த நேரம் மிதியைக் குத்திக் குத்தி மிதித்தால் இன்னும் கூடும். ஒரே அடியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள்.

கராஜுக்குப் போகும்போது காரைச் சூடாகவே கொண்டுபோய், பாஸ் பக்கத்தில் நிற்கும்போதே நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருங்கள். காலையில் விட்டுவிட்டு வந்தால், ஆறிய காரைப் பின்னேரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு "ஒண்டுமில்லையே சேர்" என்றுதான் சொல்வார்.