சாமைச்சோற்றின் விலை

கொல்லிமலைக்குச் சென்று வந்தோம் என்றால் கேட்பவர்கள் இரண்டில் ஒன்றைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். இலக்கியம் படித்தவர்களுக்குக் கொல்லிப்பாவையும் வல்வில் ஓரியும் வேண்டும். மற்றவர்களுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலையின்மேல் யார் வசிக்கிறார்கள், என்ன உண்கிறார்கள், வந்து போகிறவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் கேள்வியாவதில்லை. கடந்த தை மாதத்தில் நாங்கள் ஐவர் அங்கே மூன்று இரவுகள் தங்கினோம். முதல் இரவு விடுதியில். அடுத்த இரண்டு இரவுகள் பைல் நாட்டில் ஒரு குடும்பத்தின் தோட்டத்தில், கூடாரம் அடித்து. இந்த இரண்டு வகைத் தங்கலுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

இந்தப் பயணத்தின் வித்து நமீபியாவில் விழுந்தது. எங்கள் ஐவரில் ஒருவர் அந்நாட்டில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர். அங்கே பயணிகள் வாடகை வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு, வண்டியின் கூரைமீதே மடக்குக் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, நாள் கணக்கில் சரளைச் சாலைகளில் செல்வார்கள். இரவில் கிராம மக்கள் தாங்களே நடத்தும் முகாம்களில் தங்குவார்கள். விறகும் தண்ணீரும் ஊரார் தருவார்கள், கட்டணமும் ஊர்ப் பொதுவுக்கே போகும் என்று அவர் சொல்லச் சொல்ல, நம் ஊரில் இது ஏன் இல்லை என்ற கேள்வி எங்களுக்குள் தங்கிவிட்டது. கொல்லிமலையில் ஆசிரியப் பணியிலிருக்கும் நண்பர் ஒருவர் மூலம் பைல் நாட்டுக் குடும்பத்தின் அறிமுகம் கிடைத்ததும் புறப்பட்டோம். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்துப் பொறித்த வாடகைக் கார் ஒன்று, இரவல் வாங்கிய கூடாரங்கள் மூன்று. கூரைமேல் கட்டும் வசதியெல்லாம் எங்களுக்கு ஏது!

காரவள்ளி அடிவாரத்தில் ஏற்றம் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. மலையின் அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் அதை ஒரு மரியாதையாகவே கடைப்பிடிக்கிறார்கள். இறங்கி வரும் பேருந்து வளைவுக்கு முன்பே நின்று எங்களுக்கு வழிவிட்டதை இரண்டு மூன்று முறை கண்டோம். வார இறுதிக்கு வரும் கார்க்காரர்களிடம் அந்தப் பொறுமை குறைவு. திரும்பி இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் முதல், இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும் என்று அடிவாரத் தேநீர்க் கடைக்காரர் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம்.

மேலே ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மலை ஒரு மேடையைப் போல விரிகிறது. இங்கு வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பியர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. மலை முழுவதையும் நாடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என 14 நாடுகளில் பைல் நாடும் ஒன்று. நாடு என்ற சொல் இங்கே தேசத்தைக் குறிக்காமல் சில ஊர்களின் தொகுப்பைக் குறிக்கிறது. சமவெளியில் நாம் கல்வெட்டுகளில் மட்டும் பார்க்கிற ஒரு சொல், இங்கே பேருந்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

முதல் இரவுக்கு அமர்த்தியிருந்த விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது. உணவுப் பட்டியலில் பரோட்டாவும் செட்டிநாட்டுக் கோழியும் பன்னீரும் இருந்தன; மலையில் விளையும் எதுவும் இல்லை, அன்னாசிப்பழச் சாறு நீங்கலாக. உரிமையாளர் கீழே ஏதோ நகரத்தில் இருந்தார். பரிமாறிய பையன் மலைக்காரன். சாமை கிடைக்குமா என்று கேட்டபோது அவன் சற்றுத் தயங்கிவிட்டு, ‘அது எங்க வீட்டுல சாப்புடறதுங்க சார்’ என்றான். விடுதியில் பரிமாறத் தகுந்த பொருளன்று என்று அவன் சொன்னானா, உங்களுக்கு ஏன் அதைத் தர வேண்டும் என்று சொன்னானா என்பதை இரவு நெடுநேரம் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அறப்பளீசுவரரை வணங்கிவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையைப் பார்த்தோம். ஏறி வந்தபோது முழங்கால்கள் எங்களுடையவை அல்ல. மாலையில் பைல் நாட்டுக்குச் சென்றோம். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றிக் கூடாரம் அடிக்க முடியாது. ஆகவே பட்டா நிலத்தில்தான் தங்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். வீட்டுக்குப் பின்னால் பலா மரங்கள், அவற்றுக்கு அப்பால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள். வாசலில் பாய்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கார் நின்றதும் வீட்டுக்காரர் வந்து மிளகுப் பாய்களை ஓரமாக இழுத்தார். நாங்கள் அவரை அண்ணா என்று அழைத்தோம்; அவர் எங்களை ‘சார்’ என்பதை இரண்டாம் நாள்தான் விட்டார்.

பொருள்களை இறக்குமுன் அந்த வீட்டு அக்கா மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். குடிக்கக் கூடாது. இரவில் பாட்டுப் போடக் கூடாது. கொண்டுவந்த பிளாஸ்டிக் அத்தனையும் திரும்ப மலையிறங்க வேண்டும். கடிந்து சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த உறவினரிடம் குழந்தை தூங்குகிறது என்று சொல்வது போன்ற குரலில் சொன்னார். விடுதியிலும் விதிகள் எழுதி மாட்டப்பட்டிருந்தன. அவை உடைந்தால் இவ்வளவு, தொலைந்தால் இவ்வளவு என்று பொருள்களுக்கான விதிகள். இவை ஊருக்கான விதிகள்.

இரவு சாமைச்சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. சோற்றின் மணமே வேறாக இருந்தது. எங்களில் படம் எடுக்கும் பழக்கமுள்ளவர், அக்கா உரலில் சாமை குத்துவதைப் படமெடுக்க முடியுமா என்று கேட்டார். அக்கா சிரித்துவிட்டார். உரல் கொல்லையில் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாகியிருந்தது. ‘எங்கம்மாவுக்குத் தோளு போச்சு, எனக்கும் போகணுமா? மிசின்ல குடுத்துதான் வாங்குறோம்’ என்றார்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. சாமையின் உமியை நீக்குவது நெல்லைப்போல் எளிதன்று. மணி மிகச் சிறியது, உமி இறுகிப் பிடித்திருக்கும். குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் நெடுநேரம் உலக்கை பிடிக்க வேண்டியிருந்தது. சாமை குறைந்துபோனதற்கு நாகரிக மோகத்தைக் காரணமாகச் சொல்லும் கட்டுரைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். பெண்களின் தோள்வலியைக் காரணமாகச் சொன்ன கட்டுரைகள் குறைவு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களுக்காகச் செய்துவரும் பணிகளில், விதை சேமிப்புக்கு நிகரான இடம் உமி நீக்கும் இயந்திரங்களுக்கு உண்டு. உலக்கை போனதால்தான் சாமை கொஞ்சமேனும் நின்றது. நாங்கள் படம் பிடிக்க விரும்பிய காட்சி நீடித்திருந்தால், உண்ட சோறு இருந்திருக்காது.

மறுநாள் காலையில் அண்ணன் தொம்பையைக் காட்டினார். மூங்கில் பின்னி மண் பூசிக் கூரை வேய்ந்த பழைய குதிர் அது. உள்ளே இருந்தது வெள்ளைப் பெருஞ்சாமை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று வேறு வகைகளின் பெயர்களையும் சொன்னார். அவற்றைத் தம் தகப்பனார் காலத்தோடு விட்டுவிட்டதாகவும் சொன்னார். இப்போது நிலத்தில் பெரும்பகுதி குச்சிக்கிழங்கு. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி, மாவு ஆலைகளுக்கு மரவள்ளி லாரி லாரியாக இறங்குகிறது. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு தோன்றுமளவுக்குப் பெருகிய தொழில் அது. கிழங்கு மண்ணின் சத்தை உறிஞ்சுகிறது, உரம் கேட்கிறது. ஆனால் கையில் பணம் தருகிறது. இன்னொரு பக்கம் 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசித்த வீட்டுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் சாமை அன்றாட உணவு என்ற இடத்திலிருந்து இறங்கி, நோன்புக்கும் விருந்தாளிக்கும் உரிய உணவாக ஒதுங்கியது.

அந்த வீட்டில் அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சாலையை ஒட்டிய அவர்களுடைய அரை ஏக்கரைக் கீழேயிருந்து வந்த ஒருவர் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார், விடுதி கட்டுவதற்கு. பட்டயப்படிப்பு முடித்துத் திருப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு அதில் விருப்பம். ஊரிலேயே வேலை கிடைக்கும், மாதாமாதம் பணம் வரும். அக்காவுக்கு விருப்பமில்லை, அந்த அரை ஏக்கரில்தான் சாமை. அண்ணன் இரு பக்கமும் பேசவில்லை. எங்களிடம் கருத்துக் கேட்டார். இரண்டு நாள் வந்து தங்குகிறவர்கள் அதற்குத் தீர்ப்பு சொல்வது முறையாகாது என்று சொல்லிவிட்டோம். ஆனால் அவன் கேட்பதில் நியாயமில்லை என்றும் எங்களால் நினைக்க முடியவில்லை. மகன் ஊர் திரும்ப வேண்டும் என்பது தாய்க்கும் ஆசைதான். எந்த வேலைக்கு, யாருடைய இடத்தில் என்பதே கேள்வி.

புறப்படும் காலையில் விலையைக் கேட்டோம். அண்ணன் ‘இருக்கட்டும்’ என்று இழுத்தார். அக்கா இழுக்கவில்லை. கூடாரம் போட ஓர் இரவுக்கு 300 ரூபாய், சாப்பாடு ஆளுக்கு வேளைக்கு 200 ரூபாய் என்றார். எங்களில் ஒருவர் முதல்நாள் விடுதிச் சாப்பாட்டின் விலையை நினைவுகூர்ந்து, பழக்கதோஷத்தில் ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்’ என்றார். அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். உழவு, விதைப்பு, களை எடுப்பு, பன்றியும் குருவியும் வராமல் காவல், அறுப்பு, அடிப்பு, மிசின் கூலி, விறகு, சமையல். ‘கடை அரிசி வெலை உங்களுக்குத் தெரியும். இதுக்கு எத்தன நாளுன்னு எனக்குத் தெரியும்’ என்றார். கோபமில்லாத, கணக்கு மட்டுமே உள்ள பேச்சு. சொன்ன தொகையைக் கொடுத்தோம். இரண்டு படி சாமையும் அவர் சொன்ன விலைக்கே வாங்கினோம்.

எங்கள் நமீபிய நண்பர் இறங்கும் வழியெல்லாம் இதைப் பற்றியே பேசினார். அந்நாட்டில் 1996-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பொது நிலங்களில் வாழும் மக்கள் தங்கள் எல்லையையும் உறுப்பினர்களையும் வரையறுத்து, குழு அமைத்துப் பதிவு செய்துகொண்டால், அங்குள்ள காட்டுயிர்கள் மீதும் சுற்றுலா மீதும் அவர்களுக்கு உரிமை உண்டு; வருவாயை எப்படிப் பகிர்வது என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம். 1998-இல் முதல் அமைப்புகள் பதிவாயின. இன்று எண்பதுக்கும் மேல். விடுதி கட்ட வரும் நிறுவனம் அவற்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, வருவாயில் பங்கும் ஊராருக்கு வேலையும் தர வேண்டியிருக்கிறது. குறைகள் இல்லாமலில்லை. 2020-இல் பெருந்தொற்றால் பயணிகள் நின்றபோது, அந்த வருவாயையே நம்பியிருந்த ஊர்கள் மிகவும் தவித்தன. ஆகவே சுற்றுலா வந்தாலும் சாமை வயலில் இருக்கத்தான் வேண்டும் என்று நண்பர் முடித்தார். நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நிலத்தையும் காட்டின் விளைபொருள்களையும் பற்றிப் பேசுகிறது. வழிப்போக்கர் கொண்டுவரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த இடைவெளியில்தான் அரை ஏக்கர் குத்தகைக்குக் கேட்கப்படுகிறது.

புறநானூற்றில் வன்பரணர் ஓரியைச் சந்திக்கும் பாடல், அவன் ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை வீழ்த்தியதற்காகவே நினைக்கப்படுகிறது. அப்பாடலின் பிற்பகுதி எங்களுக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. காட்டுவழியில் எதிர்ப்பட்ட முன்பின் அறியாத பாணர் கூட்டத்துக்கு, அந்த வேட்டுவன் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் அள்ளித் தருகிறான். மலைக்கு வருகிறவர்கள் பாணர்களைப் போல எதிர்பார்ப்பதும், மலைக்காரர்கள் ஓரியைப் போலக் கொடுப்பதும் அழகான மரபுதான். ஆனால் கொடுத்தவன் அங்கே மலைக்கு உடையவனாக இருந்தான். நிலம் கையில் இருப்பவரின் கொடைக்குப் பெயர் விருந்தோம்பல்; நிலம் கைமாறிய பின் அதே பந்தியில் நின்று பரிமாறுவதற்குப் பெயர் வேறு.

அந்த அக்கா சொன்ன விலையில் எங்களுக்கு இந்தச் செய்திதான் கேட்டது. அதைக் குறைக்கச் சொல்லாமல் கொடுப்பதே வந்து போகிறவர்கள் செய்யக்கூடிய சிறிய மரியாதை. அரை ஏக்கரில் வரும் ஆடியில் சாமை விதைப்பார்களா, அடித்தளம் தோண்டுவார்களா என்பது அந்த வீட்டின் முடிவு. வாங்கி வந்த சாமை தீர்ந்துவிட்டது. இன்னும் நான்கு படி வேண்டும் என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னோம். ‘வெலை ஏறியிருக்கு’ என்றார் அக்கா.