சித்தியின்ர புள்ளிகளுக்கு இரண்டாம் பூட்டு

கனடாச் சித்தி வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறதெண்டால், ரிக்கெற்றில் பாதி விமானப் புள்ளிகள்தான். வங்கிக் கணக்கைப் பொத்தி வைச்சிருக்கிறவ, புள்ளிக் கணக்கை ஒரேயொரு கடவுச்சொல்லோடு விட்டிருந்தா. களவெடுக்கிறவனுக்கு இரண்டும் காசுதானே!

அந்தக் கணக்கைத் திறக்கும் இலக்கம் அவவின்ர மின்னஞ்சலுக்குத்தான் போகும். அதனால் முதலில் ஜிமெயிலைப் பூட்டினோம், மல்லாவியில் இருந்து வட்ஸ்அப் வீடியோவில். குறுஞ்செய்தி வேண்டாமென்றோம்: இங்க வந்து சிம்மை மாத்தினால் வராது, அடுத்தவரின்ர நம்பரைத் தங்கட சிம்முக்கு மாத்துற கள்ளரும் உண்டு. கூகிள் ஒதென்ரிகேற்றருக்கு சிக்னலே தேவையில்லை. முதலில் பதிந்த இரகசியச் சாவியையும் நேரத்தையும் வைத்து, 30 செக்கனுக்கு ஒருக்கா போனே இலக்கத்தைக் கணக்கிடும்.

போன் துலைஞ்சால்? கூகிள் தரும் 10 மாற்று இலக்கங்களையும் கொப்பியில் எழுதி வையுங்கோ என்றோம்.

"கொப்பி துலைஞ்சால்?" எண்டா சித்தி.