சூரியநெல்லிச் சிறுவனும் வானூர்திப் பயணமும்

மூணாற்றிலிருந்து கிழக்கு நோக்கித் தேவிகுளத்தைக் கடந்து, பாறையைக் குடைந்து வைத்தாற்போன்ற கணவாய்ச் சாலையில் வளைந்து வளைந்து சென்றால் சின்னக்கானல் பகுதியில் சூரியநெல்லி என்னும் சிற்றூரை அடையலாம். இருபுறமும் கத்தரித்து விட்ட பாய் போலத் தேயிலைச் செடிகள். இடையிடையே தொழிலாளர் வாழும் லயங்கள். பனி விலகினால் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் கண்ணில் படும். கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டமே எனினும், கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழே. இவ்வூரிலிருந்து ஜீப்பில் ஏறினால் கொழுக்குமலை. அம்மலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்த தமிழ்நாட்டு மண். ஆயினும் வண்டி செல்லும் வழி சூரியநெல்லியிலிருந்துதான். எல்லைக்கோடு காகிதத்தில் ஓடுகிறது. மக்கள் தம் வழியே ஓடுகிறார்கள்.

ஒரு காலத்தில் மூணாற்றுக்குப் புகைவண்டியும் இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று அதற்குப் பெயர். 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாறி, 1924-இன் பெருவெள்ளத்தில் அழிந்தே போயிற்று. இருப்புப்பாதை இலாகாவில் எழுதுகோல் பிடித்து உண்பவர்களாகிய நமக்கு அதை நினைக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு வரும். இன்று சூரியநெல்லியினர் ரயில் ஏற வேண்டுமாயின் போடிமெட்டு வழியாக மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்குச் செல்ல வேண்டும். விமானம் ஏற வேண்டுமாயின் கொச்சிக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். கொழுந்து பறித்த கைகளின் அடுத்த தலைமுறை வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பதால், இம்மலைக் குடும்பங்களுக்கு விமானம் இப்போது புதுமையான பொருளன்று.

நம் தங்கை வாழ்க்கைப்பட்டது இவ்வூரில். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. தந்தையைக் கண்டு ஈராண்டுகள் ஆன ஆறு வயது மகனை அழைத்துக்கொண்டு அவள் அங்கே செல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்கு ஆட்டிசம். அதனால் விமானம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு படபடத்தது. "அண்ணே, அத்தனை சனத்துக்கு நடுவில் பிள்ளை தரையில் விழுந்து கத்தினால், வளர்ப்புச் சரியில்லை என்பார்களே. ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்று கேட்டாள். நம் வாசகர் குடும்பங்களிலும் இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வருவதையே ஒத்திப்போடுவோர் இருக்கக்கூடும். அவர்கள் பொருட்டே இதை எழுதுகிறோம்.

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். அச்சொல் நமக்கு உவப்பாயில்லை. இப்பிள்ளைகளின் மதி இறுகிப் போனதன்று. ஒலியும் ஒளியும் தொடுகையும் நம்மைக் காட்டிலும் மிகையாகவோ குறைவாகவோ அவர்களைச் சென்றடைகின்றன. எதிர்பாராத மாற்றம் அவர்களைக் கலங்க அடிக்கிறது. லியோ கன்னர் என்னும் மருத்துவர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு இது மருத்துவ உலகில் பெயர் பெற்றது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளர்ப்பினால் வருவதன்று என்பது ஐயமற்ற உண்மை. லயத்துக் கிழவிகள் சிலரிடம் இதை நாம் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற தங்கையின் அச்சம் வெறுங்கற்பனை அன்று. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், கலக்கமுற்றிருந்த மாற்றுத்திறனாளிச் சிறார் ஒருவரை இண்டிகோ நிறுவனத்தார் விமானத்தில் ஏற்ற மறுத்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அந்நிறுவனத்துக்கு 5 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. ஊனத்தைக் காரணம் காட்டி எவரையும் ஏற்ற மறுக்கலாகாது; பறக்கும்போது உடல்நிலை கெடும் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் ஒருவர் பயணியை நேரில் பார்த்துக் கருத்துரைத்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. எனவே மருத்துவர் கடிதமும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கைப்பையில் இருத்தல் நலம்.

பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்னதாகவே விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். நம் இலாகாவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெழுத்து உண்டல்லவா? விமானத்திலும் அப்படியே. அறிவு வளர்ச்சி தொடர்பான உதவி வேண்டும் பயணிக்கு 'டி.பி.என்.ஏ.' என்பது குறி. தொலைபேசியில் பேசியவர் முதலில் சக்கர நாற்காலி வேண்டுமா என்றுதான் கேட்டார். இந்தக் குறியைச் சொன்னதும் பேச்சு சுருங்கிற்று, பதிவும் ஆயிற்று.

தாள்கள் தயாராயின. பிள்ளையைத் தயார் செய்வதன்றோ பெரிய வேலை! "பயப்படாதே கண்ணு" என்று அன்றைக்கு வாயால் சொல்லிப் பயனில்லை. நடக்கப்போவதை முன்கூட்டியே கண்ணும் காதும் உடம்பும் பழகியிருக்க வேண்டும். கரோல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில், இத்தகைய பிள்ளைகளுக்குச் சிறு சிறு கதைகளால் புதுச் சூழலை விளக்கும் முறையை வகுத்தார். அவ்வழியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு படமாகத் தங்கை வரைந்தாள்: ஜீப், மலைச்சாலை, பாலம், வாசலில் நிற்கும் காவலர், தட்டு, வரிசை, இருக்கை, இடுப்புவார், கடைசிப் பக்கத்தில் அப்பா. மூன்று வாரம், இரவுதோறும் அதே ஒழுங்கில் படித்தார்கள். பக்கம் மாறினால் சிறுவன் விடமாட்டான்.

பாதுகாப்புச் சோதனைதான் இப்பிள்ளைகளுக்கு மிகக் கடினமான இடம். கையில் பிடித்த பொருளைப் பறித்துப் பெட்டிக்குள் செலுத்துகிறார்கள். முன்பின் அறியாதவர் உடம்பைத் தடவுகிறார். இவன் எப்போதும் கையில் வைத்திருப்பது பழைய டப்பா மூடி ஒன்று. வீட்டுக் கட்டிலே சோதனை இயந்திரம் ஆயிற்று. மூடியை முறத்தில் வைத்து ஒரு பக்கம் தள்ளுவது, அவன் மறுபக்கம் ஓடிப்போய் எடுத்துக்கொள்வது. முதல் நாள் வீடே அதிரும்படி அழுதான்; ஐந்தாம் நாள் தன் செருப்பையும் முறத்தில் வைத்துத் தள்ளினான். பாட்டி அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "கீ, கீ" என்று ஒலியெழுப்பிக் கை கால்களில் மெல்லத் தடவுவாள். அமெரிக்காவில் பாஸ்டன் விமான நிலையத்தில் 2011 முதல், ஆட்டிசக் குழந்தைகளை உண்மையான விமானத்திலேயே ஏற்றி உட்காரவைத்துப் பறக்காமலே இறக்கிப் பழக்கும் ஒத்திகை நடக்கத் தொடங்கியது. நமக்கு வாய்த்தது கட்டிலும் அகப்பையும்!

கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பழக்க, போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தைத் தேர்ந்தோம். மீட்டர் பாதை 2010 இறுதியில் நின்று, அகலப்பாதையாகி, 2023 ஜூன் மாதம் மீண்டும் வண்டி வந்த நிலையம் அது. நாளுக்கு வண்டிகள் மிகச் சில. ஆகவே முதலில் வெறுமையான நடைமேடையில் உலவச் செய்து, பிறகு வண்டி வரும் வேளையில் தூரத்தே நின்று, அடுத்த முறை சற்று அருகே நின்று பழக்க முடிந்தது. காதுக்கு ஒலிதடுப்பானையும் அங்கேதான் முதலில் மாட்டினோம். புதுப்பொருளைப் பயண நாளன்று மாட்டினால் அதுவே ஒரு சண்டையாகிவிடும்.

காது அடைப்பதைப் பற்றி ஒரு சொல். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் உள்ளதைப் போன்றது. கொழுக்குமலையின் உயரமோ ஏறத்தாழ 8,000 அடி! ஆகவே ஜீப்பில் அம்மலைக்குச் சென்று வந்த சிறுவனுக்கு அவ்வுயரம் புதிதன்று. துன்பம் தருவது இறங்கும் நேரமே. வெளியழுத்தம் ஏறும்போது செவிப்பறை உள்நோக்கி அமுங்குகிறது. விழுங்கினாலோ மென்றாலோ தொண்டைக்கும் காதுக்கும் இடைப்பட்ட குழல் திறந்து சமனாகிறது. மூணாற்றிலிருந்து அடிமாலி வழியாக, ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் சாலையைவிட நல்ல பள்ளிக்கூடம் இதற்கு வேறில்லை. வளைவுக்கு வளைவு ஒரு வாய் வெந்நீர், ஒரு துண்டு முறுக்கு. 1935-இல் திறந்த நேரியமங்கலம் பாலத்தில் பெரியாற்றைக் கடக்கும்போது, நோட்டில் உள்ள பாலத்தைக் காட்டிச் சிரித்தான்.

முதல் நாளே அங்கமாலி அருகே தங்கினோம். நெடும்பாசேரி விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலை அன்று மாலையே வெளியில் நின்று காட்டினோம். மறுநாள் பழைய சட்டை, பழகிய உணவு, சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு. இவ்வகைப் பிள்ளைகள் சிலர் சட்டென்று ஓடிவிடுவார்கள். அன்று காலை எடுத்த புகைப்படம் ஒன்றும் தாயின் கைப்பேசியில் இருந்தது.

முதலில் ஏற அனுமதிப்பதை எல்லோரும் சலுகை என்று எண்ணுகிறோம். அசையாத விமானத்தில் அரைமணி கட்டுண்டு கிடப்பது இவனுக்குச் சலுகையன்று. துணைக்குச் சென்ற மாமியார் பைகளோடு முன்னே ஏறி இடம் பார்க்க, தாயும் மகனும் கண்ணாடிச் சுவரருகே நடந்துவிட்டுக் கடைசியாக ஏறினர். கழிவறையில் நீர் உறிஞ்சும் ஓசை கொடிது என்று முன்பே அறிந்திருந்ததால் ஏறுமுன்பே வேலையை முடித்துவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டை உணர்த்தும் சூரியகாந்திப் பட்டி 2016-இல் இலண்டன் காட்விக் விமான நிலையத்தில் தோன்றியது. 2023-இல் பெங்களூருவுக்கும் வந்தது. கழுத்தில் அப்பச்சைப் பட்டியைக் கண்டால் ஊழியர் அவசரப்படுத்தமாட்டார்கள். துபாய் விமான நிலையத்திலும் அது வழக்கில் உண்டு. அங்கே இறங்கியதும் தங்கை கேட்டு வாங்கி அணிவித்தாள்.

இறங்கும்போது ஒரு முறை அழுதானாம், ஏறக்குறைய பத்து நிமிடம். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். தங்கை, "பிள்ளைக்கு ஆட்டிசம் ஐயா, காது வலிக்கிறது" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாள். அவர் தம் பையிலிருந்த மிட்டாயை நீட்டினாராம். வெளியே தந்தை நின்றபோது சிறுவன் ஓடிக் கட்டிக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தையும் எதிரில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு டப்பா மூடியை அவர் கையில் கொடுத்தான். அதை அவன் இதுவரை எவரிடமும் கொடுத்ததில்லை.

ஆவணி மாதம் திரும்புகிறார்கள். இம்முறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாட்டியின் கட்டிலை வரையும்படி மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.