சாபமா? தீர்மானமா?

தோல்வி நேர்ந்தவுடன் அதன் காரணத்தை வானத்திலே தேடுவது மாந்தர்க்குப் பழக்கமாகிவிட்டது. பயிர் பொய்த்தால் கிரகம். வாணிபம் நொடித்தால் கண்ணேறு. பிள்ளை பரீட்சையில் தவறினால் தலையெழுத்து. தம் செய்கையைத் தாமே ஆராயும் துன்பத்தினின்றும் தப்புவதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை. இம்மனப்பான்மை நம்மவர்க்கே உரியதென்று எண்ணிவிட வேண்டா. கல்விக் கழகங்கள் நிறைந்த அமெரிக்க மாநகராகிய பாஸ்டனிலும், ஒரு பந்தாட்டக் குழுவின் தோல்விகளுக்குச் சாபமே காரணம் என்று பல்லாண்டுகள் பேசினர்.

நாம் பேஸ்பால் என்னும் அவ்வாட்டத்தில் பெருநாட்டம் உடையோம். பாஸ்டன் ‘ரெட் சாக்ஸ்’ குழுவே நம் உள்ளங்கவர்ந்தது. அங்கே கோடை மாலையில் ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்குங்கால் இங்கே காலை ஏழு மணி. ஆதலின் அக்குழுவின் வெற்றியும் தோல்வியும் நம் காலைத் தேநீரோடு கலந்து வருவன. எனினும், எவரைச் சேர்த்தனர், எவரை விலக்கினர் என்னும் செய்தியே ஆட்டத்தினும் நம்மை மிகுதியாக ஈர்ப்பது. களத்தில் நேரும் பிழை ஒரு நொடியில் நேர்வது. அறையில் அமர்ந்து செய்யும் பிழையோ, ஆர அமர எண்ணிச் செய்யப்படுவது.

சாபக் கதை இதுதான். 1918ஆம் ஆண்டில் பாஸ்டன் உலகப் பட்டம் வென்றது. அவ்வணியில் பேப் ரூத் என்னும் இளைஞர் இருந்தார். பந்தெறிவதிலும் வல்லவர், மட்டை பிடிப்பதிலும் வல்லவர். 1919ஆம் ஆண்டில், பந்தை எல்லைக்கு அப்பால் அடிக்கும் ‘ஹோம் ரன்’ 29 எடுத்தார். அந்நாள்வரை ஒரே பருவத்தில் எவரும் அத்துணை எடுத்ததில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே குழுவின் உரிமையாளரான ஹாரி பிரேசி அவரை நியூயார்க் ‘யாங்கீஸ்’ குழுவுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். பிரேசி நாடகத் தொழிலர், பணமுடையில் இருந்தவர். ரூத்தும் இரட்டிப்புச் சம்பளம் கேட்டு நின்றார். மறு ஆண்டில் ரூத் எடுத்த ஹோம் ரன்கள் 54. அதுகாறும் உலகப் பட்டம் பெற்றறியாத நியூயார்க், 2000ஆம் ஆண்டிற்குள் 26 பட்டங்கள் பெற்றது. பாஸ்டனோ 2004 வரை, 86 ஆண்டுகள், ஒன்றும் பெறவில்லை. ‘ரூத்தின் சாபம்’ என்றனர்.

நம் நண்பரொருவர், “ஏன் ஐயா வருந்துகிறீர்? விதி அவ்வாறு” என்றார். அவர்க்கு நாம் கூறிய விடையையே ஈண்டும் கூறுகின்றோம். ஒருவரை விற்றதனால் ஓர் ஐந்தாண்டு, பத்தாண்டு தாழலாம். 86 ஆண்டுகள் தாழ்வதற்கு வேறு தீர்மானங்களும் வேண்டும்.

அவற்றுள் தலையாயது எது? 1945 ஏப்ரல் 16ஆம் நாள், நகர மன்ற உறுப்பினரொருவரின் வற்புறுத்தலால், கறுப்பின ஆட்டக்காரர் மூவரைப் பாஸ்டன் குழு தன் களத்தில் ஆடிக்காட்டச் செய்தது. பெரிய குழுக்களில் கறுப்பர்க்கு இடமில்லை என்னும் எழுதாச் சட்டம் ஆண்ட காலம் அது. மூவருள் ஒருவர் ஜாக்கி ராபின்சன். மற்றொருவர் சாம் ஜெத்ரோ. பார்த்தனர், அனுப்பினர், பின்னர் அழைக்கவேயில்லை. அவ்வாண்டிலேயே புரூக்ளின் ‘டாட்ஜர்ஸ்’ குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ராபின்சனை ஒப்பந்தம் செய்துகொண்டார். 1947இல் அவர் சிறந்த புதுமுகம். 1949இல் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ஜெத்ரோவோ அதே பாஸ்டன் நகரின் மற்றொரு குழுவில் சேர்ந்து, 1950இல் சிறந்த புதுமுகம் என்னும் விருதைப் பெற்றார்!

இனி, கணக்கைப் பாருங்கள். 1946இல் ரெட் சாக்ஸ் உலகப் பட்டத்தை ஏழாவது ஆட்டத்தில் இழந்தது. 1948இல் ஒரே ஓர் ஆட்டத்தில், லாரி டோபி என்னும் கறுப்பரைச் சேர்த்துக்கொண்ட கிளீவ்லாந்து குழுவிடம் தோற்றது. 1949இல் இறுதி நாளில் வாய்ப்பை இழந்தது. ராபின்சன் அவ்வணியில் இருந்திருப்பின்? அக்குழு முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களத்திலிறக்கியது 1959ஆம் ஆண்டில். அன்றிருந்த பதினாறு குழுக்களுள் அதுவே கடைசி. தோலைப் பார்த்துத் திறமையை விலக்கியவர்க்கு வானத்திலிருந்து சாபம் எதற்கு? தாமே இட்டுக்கொண்ட விலங்கு போதாதா? பிரேசி செய்தது பணக் கணக்கின் பிழை, அதனை மன்னிக்கலாம். இவர்கள் செய்தது மனத்தின் மாசு. ஆயினும் சாபத்தைப் பேசிய நாவு இதனைப் பேசக் கூசியது.

சாபம் எவ்வாறு தீர்ந்தது? யாகத்தாலன்று. புது உரிமையாளர் வந்தனர். 28 வயதான தியோ எப்ஸ்டீனிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். மினசோட்டா குழு கைவிட்ட டேவிட் ஆர்ட்டிஸ் என்பவரை 2003இல் அவர் சேர்த்தார். 2004 ஜூலையில், ரசிகர் போற்றிய கார்சியபாராவையே மாற்றிக் கொடுத்தார், நகரம் சினந்தது. அவ்வாண்டு நியூயார்க்கிடம் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்ற பின்னர் நான்கையும் வென்று, பட்டமும் பெற்றனர். தீர்மானம் மாறியது, விளைவும் மாறியது.

எனினும் பாடம் நிலைக்கவில்லையே! தாமே இளமைமுதல் வளர்த்த மூக்கி பெட்ஸ் 2018இல் பட்டம் ஈட்டித் தந்தவர். சம்பளம் வரம்பு கடந்தால் வரி கட்டவேண்டும். பருவம் முடிந்தபின் அவர் ஒன்றுமின்றிப் பிரிந்துபோகவும் கூடும். காரணம் இல்லாமலில்லை. ஆயின் வறியவன் நகையை விற்பது வேறு. செல்வன் விற்பது வேறு. 2020 பிப்ரவரியில் அவரை டாட்ஜர்ஸுக்கு அனுப்பினர். ஆம், ராபின்சனை ஏற்ற அதே குழுவுக்கு! அவர்கள் 12 ஆண்டுகளுக்கு 36 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து அவரை நிறுத்திக்கொண்டனர். 2020, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் பட்டம் அவர்களுடையது. பாஸ்டனோ 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் தன் பிரிவில் கடைசி.

இதற்கும் ஒரு சாபக் கதை புனைய எவரேனும் முன்வரலாம். அன்பர்களே, அதனை நம்பவேண்டா. தோற்ற குழுவை நேசிப்பதில் இழிவில்லை. நாம் இன்னும் நேசிக்கின்றோம். ஆனால் நேசிப்பவனுக்குக் கேள்வி கேட்கும் கடமையும் உண்டு. யாரை விலக்கினீர்? எதனால் விலக்கினீர்? இவ்விரு கேள்விகளையும் ரசிகர் விடாது கேட்பாராயின், சாபத்திற்கு அங்கே வேலை இராது.