பனித்தூளும் செம்பயறும்

கொரிய மக்கள் கோடையிலே விரும்பியுண்ணும் 'பத்பிங்சு' என்னும் பண்டத்தின் பெயர் மூன்று கூறுகளால் ஆயது. 'பத்' என்பது சிறிய செம்பயற்றைக் குறிக்கும் தனிக்கொரியச் சொல். 'பிங்', 'சு' என்பன முறையே பனிக்கட்டி, நீர் எனப் பொருள்படுவன. இரண்டும் சீனத்திலிருந்து வந்தவை. சீவிய பனிக்கட்டியின் மேல் இனிப்பூட்டிய பயற்றை இட்டு உண்பது என்ற அளவிலே இதனை விளக்கிவிடலாம். பயற்றம் பணியாரம் உண்டு வளர்ந்தவர்க்குப் பயற்றிலே இனிப்புச் செய்வது வியப்பன்று. அதனைப் பனிக்கட்டியின் மேல் இடுவதுதான் சற்றுப் புதிது. ஆயினும், அக்கிண்ணத்திலுள்ள குளிர்ச்சி யாருடைய உழைப்பினாற் பெறப்பட்டது என்று வினவத் தொடங்கினால் விடயம் அத்துணை எளிதாக முடிந்துவிடுவதில்லை.

கோடையிலே பனிக்கட்டி வேண்டுமெனின் அதனை மாரியிலே வெட்டிச் சேமித்தல் வேண்டும். சில்லா அரசன் ஜிஜுங் 505ஆம் ஆண்டிலே அவ்வாறு சேமிக்குமாறு ஆணையிட்டான் எனச் 'சம்குக் சாகி' என்னும் வரலாற்று நூல் கூறும். கியொங்ஜு நகரிலே 1738இற் கட்டப்பட்ட கருங்கற் பனிக்களஞ்சியம் இன்றும் நிலைத்துள்ளது. பாதி நிலத்துள் அமைந்த அதன் தளம், உருகிய நீர் வழிந்தோடுமாறு சரிந்திருக்கும். வளைந்த கூரையிலே வெப்பக்காற்று வெளியேறத் துளைகள் உண்டு. சியோல் நகரிலே 'சோபிங்கோ', அதாவது மேற்குப் பனிக்களஞ்சியம், என ஒரு பகுதிக்கு இன்றும் பெயர் வழங்குகின்றது.

ஜோசொன் அரசின் சட்டம் இப்பனிக்கட்டியை யார் யாருக்குப் பங்கிடுவது என்பதையும் வகுத்திருந்தது. அரச குடும்பத்தவரும் உயர் அலுவலரும் முன்னிற்க, நோயாளரும் சிறைக்கைதிகளும் அப்பட்டியலில் இடம்பெற்றனர் என்பதைப் பாராட்டவே வேண்டும். ஆனால், ஹான் ஆறு உறைந்து கிடக்கும் கடுங்குளிரிலே இறங்கி அதனை வெட்டிச் சுமந்தவர்கள் ஆற்றங்கரைச் சாமானிய மக்கள். கட்டாய உழைப்புக்கு அஞ்சி ஆடவர் ஊரைவிட்டு ஓடினர். தனித்து விடப்பட்ட அவர்தம் மனைவியரைப் 'பனிக்கட்டி விதவைகள்' எனப் பொருள்படும் ஒரு சொல்லாற் குறித்தனர். ஒரு நாட்டின் மொழியிலே இப்படியொரு சொல் தோன்ற வேண்டியிருந்தது என்பதே போதிய சான்று.

பனிக்கட்டியைப் பொறியிலே சீவி விற்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே யப்பானியத் தொடர்பின் வழியாகப் பரவியது. 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால், இப்பண்டத்தைத் தமது எனக் கொள்ளலாமா என்னும் கேள்வி கொரியருக்கு வெறும் சமையற் கேள்வியாக அமைவதில்லை. யப்பானிலும் செம்பயறு சேர்த்த பனித்தூள் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. எனினும் பயற்றை மேலே குவிப்பதும், அரிசியப்பத் துண்டுகளையும் வறுத்த தானிய மாவையும் சேர்ப்பதும், யாவற்றையும் குழைத்து உண்பதும் கொரிய வீடுகளிலே நிலைபெற்ற முறைகள். மாரியின் மிக நீண்ட இரவு வரும் நாளிலே கஞ்சியாகக் காய்ச்சித் தீமையை ஓட்டுவதாக நம்பிய அதே செம்பயறுதான் கோடையிலே பனியின் மேல் ஏறுகின்றது.

இன்று களஞ்சியத்தின் வேலையைக் குளிர்சாதனப் பெட்டி செய்துவிடுகின்றது. இரண்டு கோப்பைப் பாலிலே சில கரண்டி ரின்பாலைக் கலந்து, பொலித்தீன் பையிலே தட்டையாகப் பரப்பி உறையவைத்தால், மறுநாள் உருளைக்கட்டையால் அடித்தே தூளாக்கிவிடலாம். பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் பளிங்குகள் ஒன்றோடொன்று இறுகாதவாறு இடைநிற்கின்றன; சீனி கரைந்திருப்பதால் ஒரு பகுதி நீர் 0 பாகைக்குக் கீழும் உறையாது நிற்கின்றது. அதனாலேதான் பாற்பனி மென்மையாக உதிர்கின்றது. வெறும் நீர்ப்பனியைக் கைப்பொறியிலே சுற்றுபவர், கட்டியைச் சில நிமிடம் வெளியே வைத்துப் பின்னரே சீவுதல் நன்று. மிகக் குளிர்ந்த கட்டி சீவுப்படாது நொறுங்கும். கிண்ணத்தையும் முன்னரே குளிரவைத்தல் வேண்டும்.

பயறு அவ்வாறு அடங்குவதன்று. கழுவிய ஒரு கோப்பைப் பயற்றை நீரிலிட்டுச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, அந்நீரைக் கொட்டிவிடுவர். துவர்ப்பு அதனோடு போகும். பின்னர் புதுநீர் நிறைய ஊற்றி, மெல்லிய தீயிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவித்தல் வேண்டும். விரல்களுக்கிடையே நசித்தால் மாவாகும் பதம் வரும்வரை சீனி இடலாகாது. முந்திக்கொண்டால் பயறு இறுகிவிடும், அதன்பின் எவ்வளவு அவித்தும் பயனில்லை. பதம் வந்தபின் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டு, பாதிப் பயற்றை மசித்து, அடிப்பிடிக்காது கிளறுவர். ஆறும்போது தடிக்குமாதலால் சற்றுத் தளர்வாகவே இறக்குதல் வேண்டும்.

இவ்வளவும் நடப்பது ஆடி மாதத்துப் புழுக்கத்திலே. பிள்ளைகளின் உடல் குளிரவேண்டுமென்று ஒருத்தி அடுப்பருகே வியர்த்து நிற்கின்றாள். ஆற்றிலே நின்றவனின் குளிர் அரண்மனைக்குச் சென்றது போல, இவளுடைய வெம்மை கிண்ணத்திலே தெரிவதில்லை. தகரத்தில் அடைத்த பயறு கடைகளிலே கிடைக்கின்றது. அது மிக இனிப்பானது, பயற்றின் மணமும் குன்றியது. ஆயினும் அதனை வாங்குபவளைக் குறைகூறுவது அடுப்பருகே நிற்காதவர்களுக்கே எளிது. மறுபுறத்திலே, 2024இற் சியோலின் ஆடம்பர விடுதி ஒன்றிலே மாம்பழம் இட்ட ஒரு கிண்ணத்தின் விலை 100,000 வொன்னைக் கடந்தது. பழைய அரண்மனைப் பங்கீட்டிலாவது கைதிக்கு ஒரு துண்டு இருந்தது.

வீட்டிலே பெரும்பாலும் கிண்ணம் ஒன்று, கரண்டிகள் பல. குழைத்து உண்பதா, அடுக்குக் கலையாமல் ஓரத்திலிருந்து தோண்டி உண்பதா என்னும் வழக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழும். தீர்ப்புக்கு முன்னரே பனி உருகிவிடும். பயற்றுச் சட்டியைக் கழுவிவிட்டு வந்து அமர்பவளுக்கு எஞ்சுவது பெரும்பாலும் அடியிலே தேங்கிய இனிப்புப் பாலும் சில பயற்றுமணிகளுமே. அதுவே மிகச் சுவையான பகுதி என்று அவள் பிள்ளைகளிடம் சொல்வாள்.